எட்டாவது கல்லில் ஒரு சொட்டு

பொங்கல் முடிந்து நாலாம் நாள் காலையில் அப்பத்தா என்னை எழுப்பியதே இப்படித்தான்: “ஏன்டா அப்பு, ஒன் காரு ராத்திரியெல்லாம் ஒழுகியிருக்கு. வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். வண்டிக் கொட்டகைத் தரையில், சுவரிலிருந்து எட்டாவது வரிசையில், சிவப்புப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லின் நட்டநடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம். தேன் நிறம். விரலால் தொட்டால் பிசுபிசுவென்று இழுத்தது.

வண்டிக் கொட்டகைக்கு ஆத்தங்குடிக் கல்லா என்று கேட்பீர்கள். ஐயா காலத்தில் வீட்டுக்குள் வளவுக்கும் பட்டாலைக்கும் பதித்ததுபோக மிஞ்சிய கற்களைத் தூக்கிப் போட மனசில்லாமல் கொட்டகையில் பதித்துவிட்டார்கள். செட்டிநாடு என்றதும் பர்மாத் தேக்குத் தூணும் முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவரும் உங்கள் நினைவுக்கு வரும். எங்கள் வீடு காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு மாதிரி எல்லாம் இல்லை, பள்ளத்தூரில் ஊருக்குக் கடைசியில் இரண்டே கட்டு. ஆனால் தரை மட்டும் தரைதான். கொட்டகையில் மிச்சக் கல் என்பதால் வரிசைக்கு ஒரு டிசைன்: ஐந்தாவது வரிசை பச்சைக் கட்டம், ஆறாவது மஞ்சள், எட்டாவது சிவப்புப் பூ. எல்லாம் எட்டு அங்குலக் கல். இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவர் கட்ட ஆரம்பித்து, முக்கால்வாசியில் அலுத்துப்போய் விற்ற கிட் கார் அது. சதுரக் குழாயை வெல்டு வைத்துச் செய்த சட்டம், மேலே ஃபைபர் உடம்பு, இரண்டு பேர் உட்காரலாம், கதவு கிடையாது, கூரை கிடையாது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரு பழைய மாருதி ஆம்னியிலிருந்து கழற்றியவை. ஆம்னியில் இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்தை ஓட்டும், 796 சிசி, நாலு கியர். அதனால் இந்த மாதிரி மூக்கு நீண்ட வண்டிக்கு அதைத் தூக்கி முன்னால் வைப்பது சுலபம். கோயம்புத்தூரில் இப்படி ஒன்றைக் கட்ட ஆள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டிய கரிவர்தன் அந்த ஊர்க்காரர்தான். லேத்துப் பட்டறை இல்லாத தெரு அங்கே குறைவு.

கிட் கார் என்ற சமாச்சாரத்துக்கே இங்கிலாந்தில் ஒரு வரிக் கதை உண்டு. லோட்டஸ் செவன் 1957-இல் வந்தபோது முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும், பெட்டியில் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வேண்டாம். பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதால், கழற்றும் முறையை அச்சடித்துக் கொடுத்து “இதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள்” என்றார்களாம். எனக்கு அந்தக் காகிதம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு சாக்குப்பை நிறைய போல்ட்டும், “மிச்சம் எல்லாம் உங்களுக்கே தெரியும் சார்” என்ற ஒரு வரியும் கிடைத்தன.

ரோட்டில் ஓட்டினேனா என்றால், இல்லை. பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் இறக்க மோட்டார் வாகனச் சட்டம் விடாது. வீட்டுக்குப் பின்வாசலைத் திறந்தால் எங்கள் முந்திரித் தோப்பு, அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் செம்மண் தடம். என் ஓட்டம் எல்லாம் அதில்தான். பெரும்பாலும் இரண்டாவது கியர், தைரியம் வந்தால் மூன்றாவது. பின்னால் எழும் புழுதியைப் பார்த்தால் ராலியில் ஓட்டுவது மாதிரி இருக்கும், ஸ்பீடோ மீட்டரைப் பார்த்தால் மொபெட் வேகம்.

சரி, சொட்டுக்கு வருகிறேன்.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டு மாப்பிள்ளை, “பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும், ஒழுகலைன்னாத்தான் உள்ள ஆயில் இல்லைன்னு பயப்படணும்” என்றான். அது ஜோக் என்பது அவனுக்கே தெரியாது. இன்னொருவர் 140 நம்பர் ஆயிலை ஊற்றச் சொன்னார், கெட்டியாக இருந்தால் ஒழுகாதாம். இதை நம்பிக் கியர் பெட்டியைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. கெட்டி ஆயில் காலையில் ஷாஃப்டைச் சுற்றவிடாமல் பிடிக்கும், கியர் ‘கரக்’கென்று விழும். சூடானபின் அதுவும் தண்ணியாகி அதே ஓட்டை வழியாக வரும். கியர் விழும்போது வேகத்தைச் சேர்த்துக்கொடுக்கும் பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள பெட்டிக்கு ஜிஎல்-4 என்று போட்டிருக்கும் 90 நம்பர் ஆயில்தான் வழக்கம், அதை மாற்றுவதற்கு ஒழுகல் ஒரு காரணமே இல்லை.

நானும் யோக்கியன் இல்லை. முதல் வேலையாக டவுனிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். குனிந்து பார்த்தார், “பின் சீல் போயிருச்சு” என்றார். ஷாஃப்ட் நுழையும் வாயில் ஆயிலைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையம்தான் சீல். மாற்றினார். பத்து நாள் கழித்து மறுபடி எட்டாவது கல். மறுபடி வந்தார், “சீல் லோக்கல் ஐட்டம், நல்ல கம்பெனி போடுவோம்” என்றார். போட்டார். இருபது நாள். மறுபடி எட்டாவது கல். சீல் விலை இரண்டு பேர் மெஸ்ஸில் சாப்பிடுகிற காசுதான். கூலியும், ஒவ்வொரு தடவையும் கொட்டுகிற ஆயிலும், அப்பத்தாவின் வாயும் சேர்ந்துதான் செலவு.

அப்புறம்தான் பாயைப் போய்ப் பார்த்தேன். ஜீப்பும் அம்பாசடரும் ஓடிய காலத்திலிருந்து வேலை பார்க்கிறவர், இப்போது பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டதும் வந்தார். வந்தவர் வண்டிக்குக் கீழே குனியவே இல்லை. தரையைப் பார்த்தார்.

“தம்பி, எங்க ஒழுகுதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி என்ன ஒழுகுதுன்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. கியர்பாக்ஸுக்குக் கீழே சொட்டுகிறது, ஆகவே கியர் ஆயில் என்று நானும் அந்த மெக்கானிக்கும் முடிவு செய்திருந்தோம். பாய் விரலில் எடுத்து மோந்து பார்த்து, என் மூக்குக்கும் நீட்டினார். தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் அடிக்குமே ஒரு வாடை, வெடித்த காகிதத்தின் வாடை, அதில் கொஞ்சம். கந்தகம். கியர் பல்லுக்குப் பல் அழுத்தும் இடத்தில் தேயாமல் இருக்கக் கந்தகம் கலந்த மருந்தை இந்த ஆயிலில் சேர்ப்பார்கள், அந்த வாடைதான் அது. இன்ஜின் ஆயில் என்றால் ஓடிய பிறகு கறுத்திருக்கும், வாடை கருகலாக இருக்கும். பிரேக் ஆயில் என்றால் தண்ணீர் மாதிரி ஓடும், பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டை உரித்துவிடும். ஆம்னியில் கிளட்சுக்குக் கேபிள், எண்ணெய் வேலை அங்கே இல்லை, அதனால் அது கணக்கிலேயே வராது. ஆக, கியர் ஆயில்தான். நாங்கள் குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகவே இருந்தது, அதற்காகப் பெருமைப்பட எதுவும் இல்லை.

அடுத்தது பெல் ஹவுசிங். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கிளட்சை மூடியிருக்கும் மணி மாதிரியான கூடு அது. இன்ஜினின் பின்பக்க கிராங்க் சீல் போனாலும் சரி, கியர்பாக்ஸின் முன்பக்க இன்புட் ஷாஃப்ட் சீல் போனாலும் சரி, ஆயில் அந்தக் கூட்டுக்குள்தான் விழும், அடித்திறப்பு வழியாகத்தான் வெளியே வரும். இந்த இரண்டில் எது போயிருந்தாலும் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். என் வண்டியில் அதை இறக்குவதென்றால் ஃபைபர் உடம்பைத் தூக்க வேண்டும், அதற்கு ஆறு ஆள் வேண்டும். பாய் ஒரு கம்பியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அந்தத் திறப்புக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். துணியில் கிளட்ச் பிளேட் தேய்ந்த கறுப்புத் தூள் இருந்தது. ஈரம் இல்லை. அந்தத் துணியை நான் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன்.

“இப்பக் கழுவுங்க” என்றார் பாய்.

கழுவுவது என்றால் சும்மா துடைப்பது இல்லை. ஒன்றரை மாத ஒழுகலில் செம்மண் ஒட்டி ஒட்டி, பெட்டியின் வயிறு முழுக்க மருதாணி அப்பிய மாதிரி இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, காற்றடித்து, அலுமினியம் அலுமினியமாகத் தெரியும்வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இப்படிச் செய்யாமல் ஒழுகல் தேடுவது வீண். காரணம், ஆயில் கிளம்பிய இடத்தில் சொட்டாது. கூட்டின் வளைவோடு வழிந்து, போல்ட்டைச் சுற்றி, தாழ்வான இடம் எதுவோ அங்கே வந்து நின்று சொட்டும். ஓடுகிற வண்டியில் காற்று வேறு அதைப் பின்னுக்குத் தள்ளும். என் வண்டியில் இன்னொரு கூத்து: கட்டியவர் பின் தாங்கியை ஒரு பட்டைக் கம்பியில் செய்து கொஞ்சம் தாழ்வாக வைத்துவிட்டார், பெட்டியின் வால் தொங்குகிறது. அதனால் எங்கே கசிந்தாலும் வாலுக்குத்தான் வந்து சேரும். அந்த மெக்கானிக் ஈரமான வாலைப் பார்த்துச் சீல் என்றார். வால் எப்படியும் ஈரமாகத்தானே இருக்கும்?

கழுவிக் காய்ந்ததும் அப்பத்தாவின் குட்டிகூரா பவுடர் டப்பாவைக் கேட்டேன். “காருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தது. பெட்டி முழுக்கப் பவுடரைத் தூவினோம். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது கியர்பாக்ஸ். பவுடரில் ஆயில் பட்டால் பட்ட இடம் மட்டும் கறுக்கும், வழிந்தால் கோடு விழும், கோட்டை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் ஊற்று எங்கே என்று தெரியும்.

தோப்பைப் பத்துச் சுற்று. கொட்டகைக்கு வந்ததும் முன்சக்கரம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும்படி ஒரு செங்கல்லைத் தரையில் வைத்தேன். இங்கேதான் கல் வரிசை உதவியது. வண்டி செங்கல்லைத் தொட்டு நின்றால் பெல் ஹவுசிங் திறப்பு ஐந்தாவது கல்லுக்கு நேர் மேலே, ஆயிலை இறக்கும் டிரெயின் பிளக் ஆறாவது, வால் எட்டாவது. ஆத்தங்குடிக்காரர் கொடுத்த வரைபடத் தாள்.

டார்ச்சும், அப்பத்தா தலைவாரும் கைக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு மல்லாக்கப் படுத்துப் பார்த்தேன். பெட்டியின் மேலே, பக்கத்தில், ரிவர்ஸ் லைட் சுவிட்சைச் சுற்றி, ஸ்பீடோ கேபிள் போகும் இடத்தில், கியர் கம்பி நுழையும் இடத்தில், இரண்டு துண்டுக் கூடும் சேரும் பேக்கிங் விளிம்பில், எங்கும் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. வாலின் வாயைச் சுற்றி மட்டும் ஒரு கறுப்பு வளையம், அதிலிருந்து கீழே ஒரு கோடு. ஆக, வழிந்து வந்தது இல்லை. உண்மையாகவே பின் சீல்தான். இரண்டு தடவை மாற்றிய அதே சீல்.

பாய் சிரித்தார். “சீலு போயிருச்சுங்கிறது பதிலு இல்ல தம்பி. ஏன் போச்சு?”

பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பின் ஷாஃப்டை இழுத்தோம். இந்தப் பெட்டியில் ஷாஃப்டின் முன்முனையில் இருக்கும் யோக் என்கிற இரும்புக் குழல் வாலுக்குள் சொருகி நிற்கும், உருவினால் ஆயில் கொட்டும், அடியில் தட்டு வைக்க மறக்காதீர்கள், நான் மறந்தேன். யோக்கைத் துடைத்து வெளிச்சத்தில் சுற்றிக் காட்டினார் பாய். பளபளவென்ற இரும்பில், சீலின் உதடு உட்காரும் இடத்தில், மெல்லிய ஒரு வளையம். கண்ணுக்கு வெறும் மினுக்கம்தான். நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. செம்மண் புழுதி ஆயிலோடு சேர்ந்து ரப்பர் உதட்டில் ஒட்டிக்கொண்டால் அது உப்புத்தாள்தான். சுற்றச் சுற்ற இரும்பையே அறுத்துவிடும், ரப்பர் இரும்பை அறுக்குமா என்று நான் கேட்டதற்கு, கிணற்றுக் கயிறு கல்லை அறுக்கவில்லையா என்றார். புதுச் சீல் போட்டாலும் அதன் உதடு அதே பள்ளத்தில்தான் போய் உட்காரும். பத்து நாள் இருபது நாள் தாங்கியதே பெரிது.

யோக் புதிதாக வாங்கலாம், அல்லது மெல்லிய இரும்பு உறை ஒன்றை அதன்மேல் மாட்டலாம். பாய் இரண்டும் செய்யவில்லை. புதுச் சீலை முழுக்க உள்ளே அடிக்காமல் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினார். உதடு பள்ளத்தை விட்டுத் தள்ளித் தேயாத இரும்பில் உட்கார்ந்தது. அதற்கு முன் யோக்கை உள்ளே சொருகி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார், உள்ளே அதைத் தாங்கும் புஷ் என்கிற வளையம் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் ஆடும், ஆடும் ஷாஃப்டில் எந்தச் சீலும் நிற்காது. ஆடவில்லை. சீலின் ஸ்பிரிங் பக்கம் ஆயிலைப் பார்க்க, உதட்டில் கிரீஸ் தடவி, பழைய பேரிங் கப் ஒன்றை மேலே வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டினார். ஒரு பக்கமாகச் சுத்தியலால் அடித்தால் சீல் கோணிக்கொள்ளும். ஆயில் ஊற்றும்போது நாலு சக்கரத்தையும் சமமாகத் தூக்கி வைக்கச் சொன்னார். முன்பக்கம் மட்டும் ஜாக்கியில் இருந்தால் ஆயில் பின்னுக்கு ஓடி அளவு பொய் சொல்லும்.

மூன்று வாரம் எட்டாவது கல் காய்ந்து கிடந்தது. நான் பாய்க்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

பங்குனி வெயில் ஏற ஏற மறுபடி ஆரம்பித்தது.

கொஞ்சம் வெறுத்துப்போனேன், உண்மையைச் சொன்னால் விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் இந்தத் தடவை சொட்டில் ஒரு வித்தியாசம் இருந்தது. முன்பெல்லாம் நாலு சுற்றுப் போனாலே ஒழுகும். இப்போது காலையில் பத்துச் சுற்றுப் போய்வந்தால் ஒன்றும் இல்லை, மத்தியானம் இருபது சுற்றுப் போனால் மட்டும் சொட்டியது. ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்: எத்தனை சுற்று, எத்தனை மணிக்கு, எத்தனை சொட்டு. ஒரு வாரம் எழுதியதும் எனக்கே தெரிந்துவிட்டது, தூரம் காரணம் இல்லை, சூடுதான் காரணம்.

பாயிடம் போனில் சொன்னேன். “ஓட்டிட்டு வந்து சூட்டோட, ஆயில் ஊத்துற ஃபில்லர் பிளக்கைக் கொஞ்சமா லூஸ் பண்ணுங்க. முழுசா கழட்டிராதீங்க, கை வெந்துரும். காதை வச்சுக் கேளுங்க.”

அப்படியே செய்தேன். ஸ்பானரை அரைச் சுற்றுத் திருப்பியதும், சோடா மூடியைத் திறந்த மாதிரி, ‘புஸ்ஸ்’. நீளமாக. பிளக்கைச் சுற்றி ஆயில் நுரைத்துக் கொஞ்சம் வெளியே வந்து நின்றது.

கியர்பாக்ஸுக்கு ஒரு மூச்சு ஓட்டை உண்டு. பிரீதர் என்பார்கள். பெட்டிக்குள் ஆயில் மட்டும் இல்லை, மேல்பாதி காற்று. சூடானால் காற்று விரியும், அது வெளியே போக வேண்டும். மூடிய பெட்டியில் காற்று 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் சுமார் 20 சதவீதம் ஏறும், கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ. டயரில் முப்பது அடிக்கிறோமே, மூன்று ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் இந்த ஆயில் சீல் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது இல்லை. மெல்லிய ரப்பர் உதட்டை ஒரு சின்ன வளையச் ஸ்பிரிங் இரும்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளேயிருந்து தள்ளினால், பள்ளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதற்குப் பக்கத்திலேயே ஆயில் நின்றிருந்தால் வெளியே வந்துவிடும். என் பெட்டியின் வால் தாழ்வு, ஆயில் அங்கேதான் தேங்கி நிற்கிறது. சைலன்சர் குழாய் வேறு பெட்டியை ஒட்டிப் போகிறது. தோப்பில் இரண்டாவது கியரில் ஊர்ந்தால் காற்றோட்டமும் இல்லை. இது போதாதென்று, வண்டி ஆறும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, அதே உதட்டு வழியாகப் புழுதியை உறிஞ்சும். யோக்கில் அந்தப் பள்ளம் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பிரீதர் எங்கே இருக்கிறது என்று தேடினால் பெட்டியின் மேலே, ஃபைபர் சுரங்கத்துக்குள். இரண்டு சீட்டுக்கும் நடுவே அந்த மேடு இருக்கிறது, கை நுழையாது. போன் கேமராவை ஒரு மூங்கில் குச்சியில் கட்டி உள்ளே விட்டு வீடியோ எடுத்தேன். பதினெட்டு வீடியோ. பதினேழில் என் கட்டைவிரல். பதினெட்டாவதில் தெரிந்தது: பெட்டியின் மேல்முதுகில், தொப்பி வைத்த சின்ன முளை. அதன்மேல் கெட்டியாகக் கறுப்புப் பூச்சு. துரு பிடிக்காமல் இருக்க வண்டியின் அடியில் அடிப்பார்களே, அந்தப் பூச்சு. கட்டியவர் உடம்பை இறக்கி வைப்பதற்கு முன் சட்டம், பெட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாராளமாக அடித்திருக்கிறார். அக்கறையாகத்தான் செய்திருக்கிறார். பெட்டியின் மூக்கை அடைத்துவிட்டார்.

தொழிற்சாலையில் வரும் காரில் இந்த மாதிரி நடப்பது அபூர்வம், எந்த முளை எதற்கு என்று அங்கே யாருக்காவது தெரியும். கிட் காரில் ஒவ்வொரு பாகமும் வேறு வீட்டிலிருந்து வந்த மருமகள். ஆம்னியில் அதற்கு இருந்த இடம் வேறு, சாய்வு வேறு, மேலே இருந்த வெளி வேறு.

சுரங்கத்தின் மேல்பக்கம், கியர் லீவருக்குச் சற்று முன்னால், ஃபைபரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் அறுத்தேன். மனசு கேட்கவில்லை, ஆனால் அறுத்தேன். அப்பத்தாவின் சாக்குத் தைக்கும் கோணி ஊசியால் பூச்சைச் சுரண்டினேன், துணியை நனைத்து நனைத்துத் துடைத்தேன், துகள் உள்ளே விழாமல் பக்கத்தில் ஒரு காந்தமும் ஈரத் துணியும். தொப்பி லேசாகச் சுழன்றதும், உள்ளேயிருந்து ஒரு சின்ன மூச்சு. பிறகு அந்த முளையில் ஒரு பெட்ரோல் டியூபை மாட்டி, இன்ஜின் அறைவரை மேலே கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டிவிட்டேன், தண்ணீரும் புழுதியும் போகாமல். அறுத்த சதுரத்துக்கு நாலு ஸ்க்ரூ வைத்த மூடி. பார்க்க அசிங்கம்தான்.

சித்திரை மத்தியானம், முப்பது சுற்று. பிளக்கைத் திருகினேன், சத்தம் இல்லை. மறுநாள் காலை எட்டாவது கல் காய்ந்திருந்தது. அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாள் ஆறாவது கல்லில் ஒரு சொட்டு.

இந்தத் தடவை எனக்குக் கோபமே வரவில்லை. ஆறாவது கல் என்றால் டிரெயின் பிளக். மூன்று தடவை ஆயிலை இறக்கி ஏற்றியதில் அதே செப்பு வாஷரைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறோம். செம்பு நசுங்க நசுங்க இறுகிவிடும், இறுகினால் இடுக்கை அடைக்காது. புது வாஷர் வாங்கிவிடலாம், ஆனால் அன்று ஞாயிறு, கடை இல்லை. தெருவில் நகை வேலை செய்யும் பத்தர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். வாஷரை இடுக்கியில் பிடித்து, ஊதுகுழல் நெருப்பில் காட்டினார். முதலில் கறுத்தது, அப்புறம் ஓரத்தில் வானவில் மாதிரி நிறம் ஓடியது, அப்புறம் முழுக்கச் செந்நிறமாகப் பழுத்தது. அப்படியே தண்ணீரில் போட்டார், ‘சுர்’. இரும்பை இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். கையில் வாங்கி வளைத்தால் வெண்டைக்காய் மாதிரி வளைந்தது. “தங்கத்துக்கும் இதே வேலைதான் தம்பி, அடிக்க அடிக்க மொறைச்சுக்கும், சுட்டாத்தான் வழிக்கு வரும்” என்றார். காசு வாங்கவில்லை. இரண்டு பக்கமும் தட்டையாகத் தேய்த்துப் போட்டேன், நின்றுவிட்டது.

இப்போது ஒழுகவில்லை. ஆனால் எட்டாவது வரிசையில் அந்தக் கல் போய்விட்டது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது, வெறும் சிமென்ட். எண்ணெயைக் குடிக்கும். தேங்காயெண்ணெய் தேய்த்தால் மினுங்குகிற அதே குணம்தான், கியர் ஆயிலையும் விழுங்கிவிட்டது. சிவப்புப் பூவின் நடுவில் இன்னொரு கறுப்புப் பூ. சுண்ணாம்புப் பொடி போட்டு உறிஞ்ச வைத்தேன், சோப்பு போட்டேன், நிறம் கொஞ்சம் மங்கியது, போகவில்லை. அப்பத்தா அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போகிறது, வேண்டுமென்றேதான்.

போன வாரம் ஆத்தங்குடிக்குப் பைக்கில் போனேன். பட்டறையில் ஒருவர் கண்ணாடித் துண்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, அதன் கட்டங்களுக்குள் கரண்டியால் சிவப்பும் மஞ்சளுமாகக் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தார். கை நடுங்கவே இல்லை. அச்சைத் தூக்கினால் நிறங்கள் கலக்காமல் அப்படியே நின்றன. மேலே காய்ந்த சிமென்ட் மணலைத் தூவி, ஈரக் கலவை வைத்து அழுத்தி, ஓரமாக அடுக்கினார். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்தபின் கண்ணாடி தானாக விட்டுவிடும், கண்ணாடியின் பளபளப்பு கல்லுக்கு வந்திருக்கும். என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பழைய அச்சு, இருக்கிறது என்றார். ஒரு கல் வேண்டும் என்றேன்.

“ஒண்ணுக்காக நெறம் கரைக்க முடியாது தம்பி. அம்பதாவது எடுத்துக்கங்க.”

ஐம்பதுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். மிச்சம் நாற்பத்தொன்பதைப் பின்கட்டில் கிணற்றடியைச் சுற்றிப் பதிப்பது என்று அப்பத்தா முடிவு செய்துவிட்டது, கொத்தனாருக்கும் சொல்லியாகிவிட்டது.